வெளியாளுக்குத் தெரிந்த பக்கம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். குடும்பத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் டாக்டர் மாமா போன் செய்தபோது விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே, "வந்து சத்தம் போடாம வேலையை மட்டும் பாரு" என்றார்.

மாமா என் அம்மாவின் தம்பி. நாய், பூனை, முயல், கிளி எல்லாவற்றுக்கும் வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். நான் பழுதான வெப்சைட்டுகளைச் சரி செய்து பிழைப்பவள். ஊரார் சைட்டையெல்லாம் தொட்டிருக்கிறேன், மாமாவின் சைட் பக்கம் மட்டும் என்னை விட்டதில்லை. அது மாப்பிள்ளை கட்டிய சைட். மாமாவின் மகளுக்குக் கணவர், அதனால் எங்கள் குடும்பம் மொத்தத்துக்கும் மாப்பிள்ளை. அவர் காபியில் சர்க்கரை குறைந்தாலே அத்தை பதறிப் போவாள். அவர் கட்டிய சைட்டில் குறை இருப்பதாக யார் சொல்லிவிட முடியும்?

என்னை இரண்டு வேலைகளுக்குக் கூப்பிட்டிருந்தார். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரு மன்னிப்பு மெயில் அனுப்ப வேண்டும். முன் மேசையில் இருக்கும் பெண்ணின் பாஸ்வேர்டை மாற்றி அவளை வெளியேற்ற வேண்டும். மெயிலை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். "எங்கள் வரவேற்பு ஊழியரின் அலட்சியத்தால் உங்கள் முன்பதிவுகள் தவறவிடப்பட்டன. அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்" என்று அதில் இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் உண்டு. ஆனால் அங்கே எல்லோரும் அவளை 'ரிசப்ஷன்' என்றுதான் கூப்பிடுவார்கள். "ரிசப்ஷன், அந்தப் பூனையை உள்ள அனுப்பு." அவள் அந்தப் பூனையின் பெயரைச் சொல்லித்தான் உள்ளே அனுப்புவாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது முன்னறையில் பெரிய ரகளை. கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டிய நாயைப் பிடித்தபடி ஒரு அம்மா கத்திக்கொண்டிருந்தார். நாய்க்குத் தையல் பிரிக்க வேண்டும். சைட்டில் படிவம் நிரப்பியிருக்கிறார், 'நன்றி, மின்னஞ்சலில் நேரம் தெரிவிக்கிறோம்' என்று வந்திருக்கிறது. அதோடு சரி, எந்த மெயிலும் வரவில்லை.

"மேடம், உங்க பதிவு எங்களுக்கு வரவே இல்லை" என்றாள் ரிசப்ஷன்.

"பொய் சொல்லாதே! நன்றின்னு வந்துச்சே, அதை யாரு அனுப்பினது, என் நாயா?"

சத்தம் கேட்டு மாமா வெளியே வந்தார். விசாரிப்பார் என்று நினைத்தேன். "இன்னிக்கோட இவ இங்க இருக்க மாட்டா மேடம்" என்றார். இதை அத்தனை பேர் முன்னால் சொன்னார். அந்த அம்மா அப்போதும் சமாதானம் ஆகவில்லை. "பொய்க்காரியை வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி நடத்துறீங்க" என்று சொல்லிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார்.

ரிசப்ஷன் அழவில்லை. "சைட்ல பதிவு போட்டா எங்களுக்கு மெயிலா வரணும். நான் ஒரு மெயிலையும் அழிக்கலக்கா. சிலது வருது, பலது வர்றதில்ல. ரெண்டு மாசமாச் சொல்றேன், யாரும் காதுல போட்டுக்கல" என்றாள். "வேலை போனாப் போகட்டும். பொய்க்காரின்னு பேர் வாங்கிக்கிட்டுப் போக மாட்டேன்."

மாமா என்னைத் தன் அறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். "மெயில்ல ஒரு கோளாறும் இல்ல. தினமும் காலையில நானே ஒரு பதிவு போட்டுப் பாக்கறேன், உடனே வருது. இப்பப் பாரு." படிவத்தை நிரப்பினார். டிங் என்று மெயில் வந்து விழுந்தது. "பாத்தியா? வர்றதை அவதான் அழிக்கிறா, இல்ல தூங்குறா."

எனக்கு மெயில் முக்கியமாகப் படவில்லை. திரையின் உச்சியில் ஒரு கறுப்புப் பட்டை ஓடிக்கொண்டிருந்தது, அதில் 'வணக்கம் டாக்டர்' என்று இருந்தது. மாமா தன் சைட்டுக்குள் முதலாளியாக லாகின் செய்தபடியே சோதனை போடுகிறார். அந்தக் கம்ப்யூட்டர் வாங்கிய நாள் முதல் அவர் லாக் அவுட் செய்ததே இல்லை. மாப்பிள்ளையும் அப்படித்தான். தங்கள் சைட் ஒரு வெளியாளின் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று இந்த வீட்டில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை.

என் போனை எடுத்து யாரோ ஒருத்தியாக உள்ளே போனேன். இல்லாத ஒரு கிளிக்கு இறகு உதிர்கிறது என்று பதிவு போட்டேன். 'நன்றி' என்றது. மெயில் மட்டும் வரவில்லை. மாமாவிடம் காட்டினேன்.

"உன் போன்ல ஏதோ கோளாறு."

"அப்ப பிளகின்களைப் பிரிச்சுப் பாத்துடறேன்."

"மாப்பிள்ளை போட்டதை நோண்டாதே!"

நோண்டினேன். பிளகின் என்பது சைட்டோடு ஒட்டவைக்கும் கூடுதல் கருவி. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல பிள்ளை, ஒரே வீட்டில் விட்டால்தான் அடிதடி. முதலில் சைட்டுக்கு முழு நகல் எடுத்து வைத்தேன். பிறகு படிவத்தைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒன்றொன்றாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் வெளியாளாகப் பதிவு செய்து பார்த்தேன். பொறுமை கேட்கும் வேலை இது. என்னிடம் இருக்கும் பொறுமை மொத்தமும் இதற்கே செலவாகிவிடுவதால்தான் மனிதர்களுக்கு மிச்சம் இருப்பதில்லை.

குப்பைப் பதிவுகளைத் தடுக்கும் காவல் பிளகினைப் போட்டேன், மெயில் வந்தது. அதை நிறுத்திவிட்டு, பக்கம் வேகமாகத் திறக்க உதவும் பிளகினைப் போட்டேன், அதற்கும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டேன். அப்போதும் வந்தது! மாமா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் 'சிலது வருது' என்று அந்தப் பெண் சொன்னது மனசில் உறுத்தியது. அவளை உள்ளே கூப்பிட்டு, அவள் போனில் இன்னொரு பதிவு போடச் சொன்னேன். 'நன்றி' என்றது, மெயில் வரவில்லை. அடுத்து நான் போட்டேன், வரவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். காவல் பிளகின், படிவப் பக்கத்துக்கு வருகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசிய எண் கொடுக்கும். ஒரு எண்ணை ஒரு தடவைதான் ஏற்கும். வேக பிளகினோ பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்கச் சோம்பல்பட்டு, முதலில் வந்தவருக்குக் காட்டிய பக்கத்தையே நகலெடுத்து அடுத்தவர்களுக்கும் நீட்டும். அந்த எண்ணோடு சேர்த்துத்தான் நீட்டும். ஆகவே முதல் ஆள் தப்பிப்பார், பின்னால் வருகிறவர்களெல்லாம் திருடர்கள் என்று காவல் பிளகின் தள்ளிவிடும். தள்ளியதைத் திருடனுக்குத் தெரியாமல் வைக்க, சிரித்த முகத்தோடு 'நன்றி'யும் சொல்லும். லாகின் செய்த முதலாளிக்கு மட்டும் எப்போதும் புதுப் பக்கம், புது எண், டிங் என்று மெயில்.

"இதெல்லாம் எனக்குப் புரியாது" என்றார் மாமா.

"புரிய வேணாம் மாமா. லாக் அவுட் பண்ணிட்டு நீங்களே ஒரு பதிவு போடுங்க."

கறுப்புப் பட்டை மறைந்ததும் அவருக்கே தன் சைட் கொஞ்சம் அந்நியமாகத் தெரிந்திருக்க வேண்டும், கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். நிரப்பினார். நன்றி வந்தது. காத்திருந்தார். விரலால் மேசையைத் தட்டினார். அப்புறம் பக்கத்தில் நின்றவளிடம் சட்டென்று திரும்பி, "ஏம்மா, எனக்கு ஏன் மெயில் வரலை?" என்று அதட்டினார்.

"இதையேதான் சார் எல்லாரும் என்கிட்ட கேட்டாங்க" என்றாள் அவள்.

மாமா கீபோர்டை என் பக்கம் தள்ளினார். அந்தப் படிவப் பக்கத்தை மட்டும் நகலெடுக்காதே என்று வேக பிளகினுக்குச் சொல்லி வைத்தேன். சின்ன வேலைதான். அதன் பிறகு யார் போட்டாலும் மெயில் வந்தது.

இதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், நான் ஒரு பைத்தியக்காரி. மாமா அவளை வெளியே போகச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சரி பண்ணிட்டல்ல, விடு. மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம், மனசு கஷ்டப்படுவார். அந்த மெயிலை அப்படியே அனுப்பிடு."

"எந்த மெயிலை?"

"எழுதி வச்சேனே, அதான். யாரோ ஒருத்தர் தப்புப் பண்ணினதா சொல்லித்தானே ஆகணும்? அவளுக்கு வேற இடத்துல வேலை கிடைச்சிடும்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினேன். "மாட்டேன் மாமா. மாப்பிள்ளை மனசு கஷ்டப்படும், இவ மனசு என்ன கல்லா? பழுது அவர் போட்ட பிளகின்ல. பழியை மட்டும் அவ தலையில கட்டுவீங்களா? என் கையால அனுப்ப மாட்டேன். அவ பாஸ்வேர்டையும் தொட மாட்டேன்."

"மெதுவாப் பேசு! வெளிய ஆளுங்க இருக்காங்க."

"கேக்கட்டும்!"

கேட்டார்கள். மடியில் முயலோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்து, "டாக்டர், எனக்கும் நன்றின்னு மட்டும்தான் வந்துது. நானும் இந்தப் பொண்ணைத்தான் திட்டினேன்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் தலையாட்டினார். மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ரிசப்ஷன் உள்ளே வந்தாள், அனுமதி கேட்கவில்லை. மாமாவின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அவர் எழுதியதை அழித்துவிட்டு, நின்றபடியே அடித்தாள். "எங்கள் வெப்சைட்டில் ஏற்பட்ட கோளாறால் உங்கள் முன்பதிவுகள் எங்களுக்கு வந்து சேரவில்லை. தவறு எங்களுடையது. எங்கள் வரவேற்பாளர் உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை." அதன் கீழே மாமாவின் பெயரைப் போட்டாள்.

மாமா படித்தார். "கடைசி வரி எதுக்கு? அதை மட்டும் எடுத்துடு."

"அந்த ஒரு வரிக்காகத்தான் சார் நான் இன்னும் நிக்கிறேன்."

என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தேன். முயல்காரர் வாசலிலேயே நின்றார். மாமா வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி அனுப்பு என்பதை அழுத்தினார். பிறகு என்னிடம், "இனிமே நீ இந்தப் பக்கம் வர வேணாம்" என்றார். "சரி மாமா" என்றேன். வருத்தமாகத்தான் இருந்தது, சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவர். ஆனாலும் குனியத் தோன்றவில்லை.

நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவள் தன் மேசையில் உட்கார்ந்து ஏதோ எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். அறை முழுக்க அவளையே பார்த்தது. முதுகை நிமிர்த்திக்கொண்டு ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"மேடம், காலையில தையல் பிரிக்க நாயைக் கூட்டிட்டு வந்தீங்களே, பொய்க்காரின்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணுதான் பேசறேன். ஒரு மெயில் வந்திருக்கும், திறங்க. சத்தமாப் படிங்க மேடம், நான் லைன்லயே இருக்கேன்."