ஹெய்மோவுக்கு வில்யோ சேர்த்த ஓட்டு

இப்போதெல்லாம் ஓட்டுக் கேட்டு வருகிறவன் வாசலில் பூட்ஸைக்கூடக் கழற்றுவதில்லை, காகிதத்தைத் திணித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறான் என்று வில்யோ கிழவர் திட்டாத நாளில்லை. அப்படித் திட்டியவரே இந்தக் குளிரில் வீடு வீடாக ஏறி இறங்கினார். காரணம் ஹெய்மோ. ஆற்றோரப் படகுத்துறையை விடுதிக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுக்க அலைகிறவன். அவன் ஊர் மன்றத்துக்குள் நுழைந்தால் துறை போயிற்று, வில்யோவின் மீன்பிடிப்பும் போயிற்று.

ஹெய்மோ நின்ற கட்சியின் வேட்பாளர் பட்டியலுக்கு ஆள் பற்றவில்லை. வில்யோவைக் கேட்டார்கள், ஒத்துக்கொண்டார். அதே பட்டியலில் தானும் நின்றால் அவனுக்கு விழுவதையெல்லாம் பிடுங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஆற்றுக்கு அக்கரையில், ஸ்வீடனில் இருக்கும் தங்கை புருஷன் ராக்னரிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தார். "உங்க பக்கம் கட்சிச் சீட்ட எடுத்துப் பெட்டியில போடுறீங்க, அதுல எவன் இருந்தா என்ன. இங்க பின்லாந்துல ஆளோட நம்பர நம்ம கையால எழுதுறோம். ஆளுக்குத்தான் ஓட்டு."

"ஆளுக்கு எழுதினாலும் மொதல்ல பட்டியலுக்குத்தான் சேரும் மச்சான். அப்புறந்தான் ஆளு."

"நீ காப்பியக் குடி."

தேர்தல் முடிந்த மறுநாள், பெட்ரோல் பங்க் காப்பிக் கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது ஹெய்மோ வந்தான். வில்யோவுக்குக் காப்பியும், அந்த ஊர் வழக்கப்படி அதில் போட்டுக்கொள்ளப் பாலாடைக்கட்டியும் தானே வாங்கி வைத்தான்.

"உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும் பெரியவரே. போன தடவ நம்ம பட்டியலுக்கு ஒரே எடம், அது பட்டியல்லயே அதிக ஓட்டு வாங்கின டாக்டரம்மாவுக்குப் போச்சு. இப்ப நீங்க கொண்டாந்ததையும் கூட்டினா ரெண்டு எடம். ரெண்டாவது நான்."

"அப்ப எனக்கு விழுந்தது?"

"என்னைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனா ஒண்ணும் வீணாப் போகல."

அவன் போன பிறகு ராக்னர் அடக்கமாட்டாமல் சிரித்தார். "அவனை ஒழிக்கிறேன்னு கெளம்பி அவனுக்கே ஓட்டுக் கேட்டிருக்கியே. இப்படி ஒழைக்கிற தொண்டன் எங்க நாட்டுல ஒரு கட்சிக்கும் இல்ல."

"நான் சுத்தக் கழுதை," என்றார் வில்யோ. "காசு குடுத்து ஆள் வச்சிருந்தாக்கூட அவனுக்கு இவ்வளவு செஞ்சிருக்க மாட்டான். நான் ஓசியில கெடச்சேன்." காப்பியை ஒரு மிடறு விழுங்கினார். "இருந்தாலும், எம் பேருக்கு எழுதினது அவனுக்கு எப்படிப் போகும்? எண்ணுறப்ப எவனோ கை வச்சிருக்கான்."

ராக்னர் காகிதக் கைத்துடைப்பானை விரித்து, எந்தப் பட்டியலுக்கு எத்தனை இடம் என்று வகுத்துக் காட்டத் தொடங்கினார். வில்யோ எழுந்தார். தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, "கை வச்சிருக்கான்" என்று கதவிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, பனிச்சேற்றில் நடந்து போனார்.