மஞ்சள் கட்டம்

மீன் வெட்டும் கூடத்தின் தரை ஆடியபோது, வக்கீல் என்று எல்லோரும் அழைக்கிறவளின் கத்தி மீனின் நடுமுள்ளைத் தொட்டிருந்தது. மேசையோடு சேர்ந்து மீனும் தட்டும் அவள் முழங்கையும் ஒரே பக்கமாக நகர்ந்தன, திரும்பி வந்தன. மேலே குழல்விளக்குகள் சங்கிலியில் ஊசலாடின. கழிவு வாளி ஒன்று கவிழ்ந்து, குடலும் செதிலுமாகத் தண்ணீர் பூட்ஸ் கால்களுக்கு நடுவே ஓடியது.

ஆட்டம் நின்றதும் எதிர்வரிசையில் இருந்த உள்ளூர்ப் பெண்கள் கத்திகளைக் கீழே வைத்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கையுறையைக்கூடக் கழற்றாமல் முன்வாசல் வழியாக வெளியேறினார்கள். சாலையைக் கடந்து மேட்டுக்குப் போகும் படிகளில் ஏறத் தொடங்கினார்கள்.

மேஸ்திரி விசில் ஊதினார்.

"நம்ம ஆளுங்க எல்லாம் பின்பக்கம். கட்டத்துக்கு வாங்க."

பின்முற்றம் துறைமுகத்தைப் பார்த்து இருந்தது. அதன் சிமெண்டுத் தரையில் மஞ்சள் பெயிண்டில் கட்டங்கள் வரைந்திருந்தார்கள். கட்டத்துக்கு ஒரு எண். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும்தான் கட்டம். தீ பிடித்தாலும் நிலம் ஆடினாலும் அவரவர் கட்டத்தில் நிற்க வேண்டும். மேஸ்திரி எண்ணி மேனேஜருக்குப் போனில் சொல்ல வேண்டும். மேனேஜர் சொன்ன பிறகுதான் நகரலாம்.

போன ஒத்திகையின்போது ஒருவன் கட்டத்தை விட்டுக் கழிப்பறைக்குப் போனான். வேலையிடத்தை விட்டு ஓடிப்போனவன் என்று கம்பெனி குடியேற்ற அலுவலகத்துக்கு எழுதியது. அந்த வாரமே விசா போய் விமானம் ஏறினான்.

"அவன் ஓடினது நெசம்தான். எதுக்கு ஓடினான்னுதான் யாரும் கேக்கலை," என்று மைனா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். வரிசையில் வாய் மூடாமல் பேசுகிறவள் என்பதால் அவள் மைனா. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறவள் என்பதால் மற்றவள் வக்கீல். வக்கீலின் மகள் ஊரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். மகள் படித்து முடிக்கும்வரை இந்த விசா நிற்க வேண்டும். அதனால் இங்கே வந்தபிறகு வக்கீல் பெரும்பாலான ஏன்களை மைனாவிடம் மட்டுமே கேட்டாள்.

கட்டங்கள் நிறைந்தன. மைனாவுக்கு அடுத்த கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"மாமா எங்க?" என்றார் மேஸ்திரி.

குளிர் அறையில் பெட்டி அடுக்குகிறவரை எல்லோரும் மாமா என்றுதான் அழைத்தார்கள். முற்றத்தில் இருந்தவர்களில் அவருக்குத்தான் வயது அதிகம்.

"காலையில உள்ள போனவரு," என்றாள் மைனா. "வரலை."

மேஸ்திரி போனைக் காதில் வைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை. மறுபடி அழுத்தினார்.

அப்போது சைரன் ஊதியது. ஒத்திகையில் கேட்டது இல்லை இது. ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. கூடவே, உள்ளே மேஸ்திரியின் மேசைமேல் மீன் டிரேயில் போட்டுவைத்திருந்த அவர்களுடைய போன்களெல்லாம் ஒரே சமயத்தில் கத்தத் தொடங்கின. வேலைக்கு வந்ததும் போனை அந்த டிரேயில் போட்டுவிட வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு அது கிடையாது.

"என்னவாம் அண்ணே?" என்றாள் வக்கீல்.

மேஸ்திரி தன் போனில் வந்திருந்ததைப் படித்தார். அவருக்கு மட்டும் அந்த மொழியைப் படிக்கத் தெரியும்.

"கடல் வரலாமாம். மேட்டுக்குப் போகச் சொல்லுது."

"போகலாம்ல?"

"அது பொதுவா எல்லாருக்கும் சொல்றதும்மா. நமக்கு மேனேஜர் சொல்லணும்."

"எல்லாருக்கும்னா நாம இல்லையா?"

"உன் வக்கீல் வேலைய அப்புறம் வச்சுக்க. மாமா வராம எண்ணிக்கை முடியாது. எண்ணிக்கை முடியாம நான் என்னன்னு சொல்லுவேன்?"

துறைமுகத்தில் ஏதோ முனகியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். படகுகளைக் கட்டியிருந்த கயிறுகள் இறுகிக்கொண்டிருந்தன. சுவரில் பாசி பிடித்த பகுதி முழுவதும் வெளியே தெரிந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு படகு சேற்றில் உட்கார்ந்து மெல்லச் சாய்ந்தது.

வக்கீல் தன் காலைப் பார்த்தாள். வெள்ளை ரப்பர் பூட்ஸின் நுனி மஞ்சள் கோட்டைத் தொட்டிருந்தது. அவள் கோட்டைத் தாண்டினாள்.

"எங்க போற?"

"மாமாவக் கூப்பிட்டு வர."

"கட்டத்த விட்டா என்னாகும்னு தெரியும்ல?"

"தெரியும். எழுதிக்குங்க."

மைனாவும் தாண்டினாள். "எனக்கும் சேத்து எழுதிக்குங்க. ஸ்பெல்லிங் கரெக்டா எழுதுங்க."

குளிர் அறையின் கதவு நிலநடுக்கத்தில் சட்டத்தோடு கோணிக்கொண்டிருந்தது. உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. விட்டுவிட்டு, பொறுமையாகத் தட்டினார். இருவரும் கைப்பிடியை இழுத்தார்கள். அசையவில்லை. பெட்டி இழுக்கும் கொக்கியைக் கதவின் இடுக்கில் செருகி, வக்கீல் தன் முழு எடையையும் அதன்மேல் போட்டாள். ரப்பர் விளிம்பு கிழிந்து கதவு பிய்த்துக்கொண்டு வந்தது. வெள்ளைப் புகையோடு மாமா வெளியே வந்தார். புருவத்தில் பனி ஒட்டியிருந்தது. தாடை நடுங்கியது.

"கதவத் தொறக்க ஆளே வரலையேன்னு பாத்தேன்," என்றார். "அனுமதி கேட்டு முடிஞ்சிருச்சா?"

"இல்ல மாமா. கேக்கலை," என்றாள் வக்கீல்.

கதவுக்கு வெளியே இடப்பக்கம் திரும்பினால் முற்றம். வலப்பக்கம் முன்வாசல். வெளிநாட்டு ஆட்கள் முன்வாசலில் நடக்கக் கூடாது. வக்கீல் நின்றாள். இடப்பக்கம் பார்த்து, இரைச்சல் நிறைந்த கூடத்தில் கூவினாள்.

"மாமா வந்தாச்சு. நாங்க மேல போறோம். வர்றவங்க வாங்க."

சைரன் மட்டும் கேட்டது. பிறகு சிமெண்டில் ரப்பர் பூட்ஸ்கள் தட்டும் சத்தம், முதலில் ஒரு ஜோடி, அப்புறம் பல.

முன்வாசலுக்குப் பக்கத்தில்தான் அலுவலகம். அவர்களில் பலரும் அதன் உள்ளே பார்த்ததில்லை. கதவு விரியத் திறந்து கிடந்தது. சுழல் நாற்காலி சுவரோரம் தள்ளியிருந்தது. இரும்பு அலமாரி திறந்திருந்தது, மேல் தட்டு காலி. வக்கீல் பார்த்துக்கொண்டே கடந்தாள். நிற்க நேரமில்லை.

படிகள் செங்குத்தாக இருந்தன. பூட்ஸுக்குள் ஈரம் சளசளத்தது. மாமாவை முன்னால் விட்டு, வக்கீலும் மைனாவும் அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள்.

"மெதுவா தள்ளுங்க, நான் மீன் பெட்டி இல்ல," என்றார்.

"மீன் பெட்டின்னா இந்நேரம் லாரியில ஏத்தி அனுப்பியிருப்பாங்க மாமா," என்றாள் மைனா. அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

மேட்டின் உச்சியில் ஒரு பள்ளிக்கூடம். ஊரே அங்கே நின்றிருந்தது. உள்ளூர்ப் பெண்கள் கம்பி வேலியோரம் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வக்கீலும் போய் வேலியைப் பிடித்தாள்.

அலை என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. துறைமுகம் நிறைந்தது, அவ்வளவுதான். நிறைந்தும் நிற்கவில்லை. கறுப்புத் தண்ணீர் மதிலைத் தாண்டி முற்றத்தில் இறங்கியது. மஞ்சள் கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. மீன் டிரேக்கள் மிதந்தன. ஒரு படகு முற்றத்துக்குள் வந்து, குளிர் அறைச் சுவரில் முட்டி நின்றது.

மாமா அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி எங்க?" என்றாள் மைனா.

கடைசி ஆளாக அவர் படியேறி வந்தார். இடுப்புவரை நனைந்திருந்தார். கழுத்தில் விசில் தொங்கியது. கையில் போன். மேலே வந்தும் காதில் வைத்துக்கொண்டுதான் இருந்தார்.

"கீழயே நின்னீங்களா அண்ணே?"

"இப்ப எடுத்துருவாரு, இப்ப எடுத்துருவாருன்னு..." அவர் முடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தின் முகப்பைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

முகப்புக் கூரையின் நிழலில் மேனேஜரின் கார் நின்றது. அதற்குப் பின்னால் வந்த கார்கள் மைதானம் முழுக்க வெயிலில் நின்றன. மேனேஜர் காரின் முன்பக்கம் சாய்ந்து, காகிதக் கோப்பையில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, விரலை நீட்டித் தலைகளை எண்ணினார்.

மேஸ்திரி அவரிடம் போய்ப் பேசினார். முதல்முறையாகக் குரலை உயர்த்திப் பேசினார். மேனேஜர் நிதானமாகப் பதில் சொன்னார். மேஸ்திரி திரும்பி வந்தார்.

"என்ன சொல்றாரு?"

"வண்டி ஓட்டும்போது போன் எடுக்கறது சட்டப்படி தப்பாம்."

மைனா வாயைத் திறந்தாள். சிரிக்கவா திட்டவா என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொன்னாரு," என்றார் மேஸ்திரி தரையைப் பார்த்து. "அனுமதி இல்லாம கட்டத்த விட்டது யாரு யாருன்னு கேட்டாரு. நாளைக்கு எழுதி அனுப்பணுமாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நானுந்தான் விட்டேன். எனக்கும் கட்டம் இருக்கும்மா. ஒண்ணாம் நம்பர்."

மைனா யாரிடமோ போன் வாங்கித் தூதரகத்தின் அவசர எண்ணுக்கு அடித்தாள். அலுவலக நேரத்தில் அழைக்கும்படி ஒரு பெண்குரல் கனிவாகச் சொன்னது. அவள் அதைக் கடைசிவரை கேட்டு, "ரொம்ப நன்றிங்க," என்று வைத்தாள்.

வக்கீல் காரின் அருகே போனாள். பின்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். இருக்கையில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுடைய பாஸ்போர்ட் அந்தப் பெட்டிக்குள் போனது. எல்லோருடையதும் அதில்தான். திறந்து கிடந்த அலமாரியின் மேல் தட்டு அவளுக்கு நினைவு வந்தது.

மேனேஜரிடம் திரும்பினாள். அந்த மொழியில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையில் கற்றுக்கொண்டவைதான். கழுவு, சீக்கிரம், மன்னியுங்கள். தட்டு வேண்டும்போது மேசைக்கு மேசை கத்துகிற ஒரு சொல்லும் தெரியும். அதைச் சொன்னாள்.

"கொடு."

மேனேஜர் அவளைப் பார்க்காமல் மேஸ்திரியிடம் ஏதோ சொன்னார்.

"பத்திரமா இருக்காம். தண்ணி படலையாம். கவலப்பட வேணாங்கறாரு," என்றார் மேஸ்திரி.

"பத்திரமா இருக்கறது தெரியுது. எங்க மேல தண்ணி பட்டுச்சான்னு கேட்டாரா?"

மேஸ்திரி அதை மொழிபெயர்த்தார். ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னார் என்பது மேனேஜரின் கழுத்து சிவந்ததில் தெரிந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். பூட்டு விழும் சத்தம் கேட்டது. எஞ்சின் உறுமியது.

வக்கீல் காருக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். ரத்தமும் செதிலும் ஒட்டிய ஏப்ரனை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அக்கா, விசாவ மறந்துட்டியா?" என்றாள் மைனா.

"அது உள்ளதான் இருக்கு. அத விட்டுட்டு எங்க போறது?"

மைனா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமா காரின் பின்பக்கம் போய், முழங்காலைப் பிடித்தபடி மெல்ல இறங்கி உட்கார்ந்தார். மற்றவர்கள் பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். மேஸ்திரி சற்று நேரம் நின்றார். விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி, என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்து, காரின் முன்கண்ணாடித் துடைப்பானில் மாட்டினார். ஈரப் பேண்ட்டோடு தரையில் உட்கார்ந்தார்.

ஹார்ன் அடித்தது. யாரும் எழவில்லை. நீளமாக இன்னொரு முறை அடித்தது.

"மெதுவா அடிங்க," என்றார் மாமா பின்னாலிருந்து. "உள்ள பெட்டி தூங்குது."

வேலியோரம் நின்ற உள்ளூர்ப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, தினமும் வக்கீலுக்கு எதிரே நின்று மீன் வெட்டுகிறவள், தோளில் போட்டிருந்த கம்பளியோடு வந்தாள். இன்னும் கையுறை போட்டிருந்தாள். கம்பளியை மாமாவின்மேல் போட்டாள். மேனேஜரைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

கீழே தண்ணீர் முற்றத்தை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடக் கூரையின் நிழல் மெல்ல நகர்ந்தது. வெயில் காரின் பின்கண்ணாடிக்கு வந்தது. வக்கீல் எழுந்து காலை உதறிக்கொண்டு பக்கவாட்டுக்குப் போய், கண்ணாடியில் கையைக் குவித்து மறுபடி உள்ளே பார்த்தாள். முதல்முறை பார்த்தபோது கவனிக்காத ஒன்று இப்போது வெயிலில் தெரிந்தது.

பெட்டி ஆடாமல் இருக்க, அதன் குறுக்கே சீட் பெல்ட் மாட்டியிருந்தது.