முப்பத்தெட்டு பவுண்டு வில்

என் தம்பி ரெய்னோவுக்கு வாய் நீளம். பேச்சு மானைப் பற்றி என்றால் இன்னும் ஒரு முழம் கூடும். போன குளிர்காலத்தில் எங்கள் வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவின் வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்ததில் என் தோள்மூட்டுச் சதை பிய்ந்துபோனது. அதிலிருந்து அவன் வாய்க்கு நான்தான் தீனி. தோளைத் தைத்த டாக்டர், "ஸ்கூல் பஸ் ஓட்டலாம் ஹெல்மி, ரொட்டி பிசையலாம். அந்தப் பழைய வில்லை மட்டும் மறந்துடுங்க" என்றார். சரி என்று பழைய வில்லை மறந்தேன். வேட்டையை யார் மறந்தார்கள்? பழையதை இழுக்க ஐம்பத்தைந்து பவுண்டு பலம் வேண்டும். முப்பத்தெட்டு பவுண்டே போதும் என்கிற மாதிரி ஒரு மரவில்லைத் தேடி வாங்கிக்கொண்டேன்.

ரெய்னோ அதைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் இழுத்துக் காட்டினான்.

"அக்கா, இதை வச்சு மானை அடிக்கப் போறியா, இல்ல மானுக்கு முதுகு சொறிஞ்சுவிடப் போறியா?"

அவனுடையது கப்பி வைத்த வில். அம்பு மானைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் மரத்தில் போய் நிற்கும். அதையே ஆயிரம் தடவை சொல்வான். கூட்டுறவுக் கடையில் வரிசையில் நிற்கும்போதும் சொன்னான். என் வீட்டில் உட்கார்ந்து நான் கறி வைத்துச் சுட்ட பாஸ்டி ரொட்டியை வாயில் அடைத்துக்கொண்டும் சொன்னான்.

"உன் அம்பு தொளைச்சுக்கிட்டுப் போகாதுக்கா. வயித்துல பாதி ஏறி அப்படியே நின்னுடும். அந்த மான் சதுப்புக்குள்ள போய் ரெண்டு நாள் துடிச்சுச் சாகும். உனக்குப் பாவம் புடிக்கும், சொல்லிட்டேன்."

வசந்தம் போய்க் கோடையும் போனது. அவன் விடுவதாக இல்லை. ஒரு சனிக்கிழமை எல்லோரும் சவுனாவில் வெந்து, வெளியே வந்து பீர் குடித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் ஆரம்பித்தான். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"இந்தா பார். ஒரே ஒரு மான் அடிபட்டுத் தப்பிச்சுப் போச்சுன்னா, இந்த வில்லை நானே கொண்டாந்து இந்த அடுப்புல வைக்கிறேன். அதோட வேட்டைக்கும் ஒரு கும்பிடு. போதுமா?"

யாரும் சிரிக்கவில்லை. சொன்னால் செய்துவிடுகிற ஜென்மம் நான் என்று எங்கள் ஊருக்கே தெரியும். "ஏன்டி வாயைக் குடுத்து மாட்டிக்கிற?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் பெரிய ஏரியில் ஓடும் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர், அடுத்த வாரமே கப்பலேறிவிட்டார்.

வீம்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, ரெய்னோவின் பேச்சு எனக்குள் நன்றாகவே இறங்கியிருந்தது. எடை கூடின அம்புகளாகப் பார்த்து வாங்கினேன். முனைகளை என் முன்கை முடியைச் சிரைக்கிற அளவுக்குத் தீட்டினேன். என் பஸ் நீளத்துக்கு மேல் தள்ளி நிற்கிற எந்த மான் மீதும் நாணை விடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். அப்படியும் இரவில் படுத்தால், வயிற்றில் அம்போடு ஒரு மான் தண்ணீரில் நிற்பதுதான் கண்ணுக்குள் வரும்.

அக்டோபரில் வில் வேட்டைப் பருவம் திறந்தது. வழக்கமாகப் புல்லெல்லாம் வெண்பனி பூத்திருக்கும். இந்த வருஷம் ஆகஸ்ட் மாதிரி வெயில். ரெய்னோ பெயருக்கு வந்த அப்பாவின் காட்டில், சீடர் மரச் சதுப்பு ஆரம்பிக்கிற ஓரமாக அடர்ந்த சின்ன ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஒரு அடிக்கட்டையில் விடியும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன்.

வெளிச்சம் தரைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அது வந்தது. இளம் கலைமான். கொம்பு ஒரு பக்கத்துக்கு இரண்டு கிளை. காட்டுச்செடிகளைப் பறித்துப் பறித்துத் தின்றபடி, யாருக்கும் பயப்படாமல் வந்தது. என் பஸ் நீளத்துக்குள் வந்துவிட்டது. அதில் பாதித் தூரத்துக்கும் வந்துவிட்டது. ஆனால் முகம் என்னைப் பார்த்து இருந்தது. என் வில்லுக்கு அது ஆகாது. பக்கவாட்டில் நிற்க வேண்டும், முன்னங்கால் ஒரு எட்டு முன்னே இருக்க வேண்டும், அப்போதுதான் தோள் எலும்பு விலகி விலாப் பக்கம் திறக்கும். நான் மூச்சை விடவும் இல்லை, வாங்கவும் இல்லை. தைத்த தோளில் வலி தெறித்தது. திரும்புடா கண்ணா, திரும்பு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

திரும்பியது. காலை எடுத்து முன்னே வைத்தது. நான் எப்போது இழுத்தேன், எப்போது விட்டேன் என்பது எனக்கே தெரியாது. நாண் சத்தம் கூடச் சரியாகக் கேட்கவில்லை.

மான் ஓடவில்லை. ஈ கடித்த மாதிரி ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான். திரும்பி, தான் நின்ற இடத்தையே பார்த்தது. வாலை ஒருமுறை ஆட்டியது. அப்புறம் மெதுவாக நடந்து ஸ்ப்ரூஸ் மரங்களுக்குப் பின்னால் போய் மறைந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுள்ளி முறிகிற சத்தம் கூட இல்லை.

அம்பு எய்ததும் எழுந்து ஓடக் கூடாது என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டு, பூனை மாதிரி நடந்து, மான் நின்ற இடத்துக்குப் போனேன். குனிந்து, மண்டியிட்டு, இலை இலையாகப் புரட்டினேன். ரத்தம் இல்லை. முடி இல்லை. அம்பும் இல்லை. ஐயோ, அவன் சொன்ன மாதிரியே ஆகிவிட்டதே!

வேறு வழியில்லை. ரெய்னோவுக்கு போன் போட்டேன். வண்டியைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். நான் சொன்னதையெல்லாம் கேட்டான். அவன் முகத்தில் கிண்டல் இல்லாததுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"ஓடுச்சா, நடந்துச்சா?"

"நடந்துதான் போச்சு."

"அப்ப வயிறுதான்க்கா. நெஞ்சுல பட்ட மான் தலைதெறிக்க ஓடும். எத்தனை பாத்திருக்கேன்."

"நான் நெஞ்சைப் பாத்துதான்டா விட்டேன்."

"நீ பாத்தே, சரி. அம்பு பாத்துச்சா? எங்க அம்பு?"

"காணோம்."

"எப்படிக் காணும்? உன் வில்லுக்கு அந்தப் பக்கம் போற தெம்பு ஏது? மான் வயித்துக்குள்ளதான் இருக்கு அது. இங்க எங்கயாவது பக்கத்துலதான் படுத்திருக்கும். இப்பப் போனோம்னா எழுந்து சதுப்புக்குள்ள ஓடிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் கெடைக்காது. பொழுது சாயட்டும். அதுக்குள்ள படுத்த எடத்துலயே முடிஞ்சிடும்."

அவன் சொன்னது தப்பான சட்டம் இல்லை. வயிற்றில் பட்ட மானை அப்படித்தான் விட வேண்டும். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் சட்டை முதுகில் ஒட்டியது.

"ரெய்னோ, ஒருவேளை அது செத்துக் கெடந்தா? இந்தச் சூட்டுல கறி என்ன ஆகும்?"

"செத்திருந்தாத்தானே."

"ஒரு எட்டு, அந்த ஸ்ப்ரூஸ் வரைக்கும் மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"போ. உன் இஷ்டம். அது எழுந்து ஓடிச்சுன்னா சவுனா அடுப்பு உனக்குத் தெரியும்."

என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

இருவரும் அவனுடைய வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்தோம். அவன் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தான். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். எங்கோ ஒரு புதரில், என் அம்பை வயிற்றில் வைத்துக்கொண்டு, எழவும் முடியாமல் சாகவும் முடியாமல் அது கிடக்கிறது என்று நினைக்க நினைக்க எனக்கு அழுகை முட்டியது. ஆண்டவரே, சீக்கிரம் அதை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டினேன். அடுத்த நிமிஷமே, அது செத்திருந்தால் கறி கெட்டுப்போகுமே, கொன்றும் வீண் ஆகிவிடுமே என்று தோன்றும். வேண்டிக்கொண்டதை எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியாமல் விழித்தேன். வீணாக்குவதற்கு மானைக் கொல்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது.

மத்தியானம் ஒரு அண்டங்காக்கை வந்து சதுப்பு ஓரத்தில் கரைந்தது. இன்னொன்றும் வந்தது.

"ரெய்னோ, காக்கா."

"காக்கா எல்லாத்துக்கும்தான் கத்தும்."

"சும்மா கத்தாதுடா, செத்ததைப் பாத்துதான் கத்தும். நமக்குத் தெரியாததா?"

"அக்கா, இவ்வளவு நேரம் பொறுத்தாச்சு. இப்பக் காரியத்தைக் கெடுக்காதே."

பொறுத்தேன். நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருக்கும். காப்பியைக் குடித்துத் தீர்த்தவன் ஒதுங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்தான். கூச்சக்காரன், அக்கா இருக்கிறாளே என்று நன்றாகத் தள்ளியே போனான். மான் நின்ற இடத்தைத் தாண்டி, என்னைப் போகவிடாத அந்த ஸ்ப்ரூஸ் ஓரமாகவே போனான் போலிருக்கிறது.

"அக்கா."

அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. நான் ஓடினேன்.

ஓர் உளுத்த கட்டையின் பாசிக்குள் என் அம்பு இறகு வரைக்கும் புதைந்து கிடந்தது. ரெய்னோ அதை உருவினான். முனையிலிருந்து இறகுவரை ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. வெளிர்ச் சிவப்பு ரத்தம், அதில் நுரை நுரையாகப் புள்ளிகள். நுரையீரல் ரத்தம். அம்பு ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வெளியே வந்து, அதற்கப்புறமும் போய்க் கட்டையில் ஏறியிருக்கிறது. மான் நின்ற இடத்தில் மண்ணை மோந்து மோந்து தேடின நான், அதைத் தாண்டி ஒரு பார்வை பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போகாது என்றுதான் எங்கள் இரண்டு பேருக்குமே தெரியுமே! அம்பு சத்தமில்லாமல் போனதால், தன்னைத் துளைத்தது கூடத் தெரியாமல் மான் நடந்திருக்கிறது.

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஸ்ப்ரூஸ் கிளைகளை விலக்கிக்கொண்டு போனோம். வேரோடு சாய்ந்த ஒரு மரம், அதன் பின்னால் மான். நான் உட்கார்ந்திருந்த கட்டையிலிருந்து கல்லை விட்டெறிந்தால் விழுகிற தூரம். எய்துவிட்டு நான் எழாமல் உட்கார்ந்திருந்தபோதே அது உயிரை விட்டிருக்கிறது. அதற்குப் பிறகு இவ்வளவு நேரமும் வெயில் நேராக அதன்மேல் அடித்திருக்கிறது. வயிறு உப்பி, கால்கள் விறைத்து நின்றன. கண்ணில் ஈ மொய்த்தது.

"சீக்கிரம் அறு. கறி இருக்கும். அறுடா!"

ரெய்னோ கத்தியை வைத்தான். காற்று புஸ்ஸென்று வெளியே வந்தது. அந்த நாற்றத்தில் அவனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் விடவில்லை. பின்னந்தொடையை எலும்புவரை கீறச் சொன்னேன், குனிந்து முகர்ந்தேன். முதுகுச் சதையைக் கீறச் சொன்னேன். நிழல் பக்கம் புரட்டி அங்கேயும் கீறச் சொன்னேன். எல்லா இடத்திலும் அதே புளித்த வாடை. நாய்க்குக் கூடப் போட முடியாது.

ரெய்னோ கத்தியைப் புல்லில் துடைத்தான். அம்பு ஏறின ஓட்டையையும் இறங்கின ஓட்டையையும் விரலை வைத்துப் பார்த்தான்.

"ரெண்டு விலாவுக்கும் நடுவுல. என் வில்லு கூட இதுக்கு மேல ஒண்ணும் பண்ணியிருக்காது. நீ ஜெயிச்சுட்டக்கா. எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

"என்னத்தை ஜெயிச்சேன்? கண்ணைத் தொறந்து பாரு! இது வலியில்லாம, நம்ம யாரையும் தொந்தரவு பண்ணாம, இங்க வந்து படுத்துக்கிச்சு. நாம ரெண்டு பேரும் வண்டியில உக்காந்து இதை அழுக விட்டிருக்கோம். ஜெயிச்சாளாம்!"

நான் சட்டைப் பையிலிருந்து, அடித்த மானில் கட்டச் சொல்லி அரசாங்கம் தருகிற சீட்டை எடுத்து, அதில் அன்றைய தேதியைக் கிழித்தேன். எனக்கு இந்த வருஷத்துக்கு அது ஒன்றுதான், கட்டிவிட்டால் வேறு மான் அடிக்க முடியாது.

"அக்கா, என்ன பண்றே? பருவம் இப்பத்தான் தொறந்திருக்கு. இதை இப்படியே விட்டுட்டா காக்காயும் ஓநாயும் பாத்துக்கும். சீட்டை வச்சுக்கோ. யாருக்குத் தெரியப் போவுது?"

"நான் கொன்ன மான்டா இது."

சீட்டைக் கொம்பில் கட்டினேன். முடிச்சு விழவில்லை. அவன் குனிந்து கொம்பைப் பிடித்துக்கொண்டான். நான் அழுதுகொண்டேதான் கட்டி முடித்தேன்.

"உன் வில்லைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசமாட்டேன்க்கா. சத்தியமா."

"நீ தாராளமாப் பேசு ரெய்னோ," என்றேன். "நான்தான் இனிமே கேக்கமாட்டேன்."