கடலூரில் ஹீட்டர் எதற்கு

விடிவதற்குள் பழைய ரேடியேட்டரை இறக்கிப் புதியதை ஏற்றியிருந்தான் மெக்கானிக் சைபுல்லா. கடலூர் முதுநகரின் உப்புக்காற்றில் துருப்பிடித்த போல்ட்டுகள் அவன் விரல் தோலை உரித்துக்கொண்டுதான் கழன்றன. அந்த லாரி முந்திரி ஏற்றிக்கொண்டு அன்றே காஷ்மீருக்குக் கிளம்ப வேண்டும். டிரைவர் லூர்துசாமி என்ஜினை ஓடவிட்டு கேபின் ஹீட்டரைப் போட்டார். வெறும் வெதுவெதுப்புதான் வந்தது.

"காத்து அடைச்சிருக்கும் பாய்."

முன்சக்கரங்களை மேட்டில் ஏற்றி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, குமிழி அடங்கும்வரை ஓடவிட்டார்கள். அப்படியும் சூடு ஏறவில்லை. ஹீட்டருக்குள் போகும் குழாய் கொதித்தது. திரும்பி வரும் குழாய் ஆறிக் கிடந்தது. சைபுல்லா இரண்டையும் கழற்றி ஹீட்டருக்குள் தண்ணீர் அடித்தான். வெள்ளையாகக் கொஞ்சம் உப்புச்சேறு வந்து நின்றுவிட்டது. கூலன்ட் வாங்க மனமில்லாத முதலாளி வருஷக்கணக்கில் ஊற்றச் சொன்ன போர்வெல் தண்ணீரின் உப்பு அது.

"உள்ள அடைச்சிடுச்சு. ஹீட்டர் கோர், அந்தக் குட்டி ரேடியேட்டர், புதுசு போடணும். நாளைக்கு ஆயிடும்."

முதலாளி ராஜமாணிக்கம் வந்தார். "கடலூர்ல எவன்டா ஹீட்டர் போடறான்? வண்டிய எடு."

"காஷ்மீர்ல பனிஹால் கணவாய்ல போடணும் மொதலாளி," என்றார் லூர்துசாமி. "போன தை மாசம் ஹீட்டர் வேல செய்யாத உங்க வண்டியிலதான் டிரைவர் மணவாளனுக்குப் பனியில ரெண்டு கால்வெரல் போச்சு."

"அந்த வண்டிய பாத்து அனுப்புனது யாரு?"

"நாந்தான்," என்றான் சைபுல்லா. "என்ஜின் சூடு காட்டற முள்ளத்தான் பாப்போம். இந்த ஊர்ல ஹீட்டர யாரும் போட்டுப் பாக்கறதில்ல. நானும் பாக்கல. அந்தப் பாவம் எம்மேலதான்."

"கேட்டுக்குங்க. தப்பு இவனோடது. நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

உண்மையை ஒப்புக்கொண்டவனுக்கு இந்தக் கூலி. உப்புத் தண்ணீரை ஊற்றச் சொன்ன வாய்க்கு வெட்கமே இல்லை.

லூர்துசாமி சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். "பாய் கோர் மாத்தாம இந்த வண்டி நகராது."

"வேற ஆளா இல்ல? கதிரவா, நீ எடு."

பக்கத்து லாரியில் இருந்த கதிரவன் தன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். என்ஜின் சூடேறியதும் ஹீட்டரை முழுக்கத் திருப்பி, காற்று வரும் இடத்தில் உள்ளங்கையை வைத்தான். அதைப் பார்த்து அய்யனாரும் முதலாளியின் மற்ற டிரைவர்களும் தங்கள் வண்டிகளில் ஏறினார்கள். கடலூர் வெயிலில், சட்டை வியர்வையில் ஊற, ஐந்து டிரைவர்கள் ஹீட்டருக்கு முன் கை நீட்டிக் காத்திருந்தார்கள்.

ஒருவர் கையிலும் சூடு படவில்லை.

என்ஜின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஐந்து பேரும் சாவியோடு இறங்கி வந்து சைபுல்லாவின் பக்கத்தில் நின்றார்கள். ராஜமாணிக்கம் போனை எடுத்து வேறு மெக்கானிக்கைத் தேட ஆரம்பித்தார்.

"எவன் வந்தாலும் சாவி எங்ககிட்டதான் இருக்கு மொதலாளி," என்றான் கதிரவன். பிறகு சைபுல்லாவிடம் திரும்பினான். "எங்க வண்டியிலயும் கோர் மாத்தணும் பாய். நாளைக்கு நேரத்தோட வந்துடுங்க."