வியாழக்கிழமை வகுப்பு

எங்கள் சலவைக்கூடத்தில் யோகா சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள் என்றதும் முதலில் சிரித்தவள் நான்தான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நாள் முழுக்கத் துவைத்து, காயவைத்து, தேய்த்து அனுப்புகிற கூட்டம் நாங்கள். குனிவதும் நிமிர்வதும் எங்களுக்குப் புதுசா? அதற்கு ஒரு டீச்சர் வேறு.

அண்ணி சிரிக்கவில்லை. "முதுகுக்கு நல்லதுன்னு டாக்டரும் சொன்னாருடி," என்றாள்.

அண்ணன் செத்த பிறகு நானும் அண்ணியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அண்ணி முன்பு ஈரப் பக்கத்தில் இருந்தாள். துவைக்கிற மிஷினின் டிரம்முக்குள் முறுக்கிக்கொண்டு கிடக்கும் விரிப்புகளை வெளியே இழுத்துத் தள்ளுவண்டியில் போடுகிற வேலை. ஈர விரிப்பு குடிகாரனைப் போல. எங்கே பிடித்தாலும் வழுக்கும், நாம் இழுத்தால் அது எதிர்ப்பக்கம் இழுக்கும். இழுத்து இழுத்து முதுகெலும்பில் ஒரு டிஸ்க் பிதுங்கிவிட்டது. இடது கால் பாதிநேரம் மரத்தே கிடக்கும். காலையில் செருப்பை நான்தான் மாட்டிவிடுவேன். இனி கனம் தூக்கினால் காலே போய்விடும் என்று டாக்டர் சொன்னதும், சூப்பர்வைசர் அவளை மடிப்பு மேசைக்கு மாற்றினார். உட்கார்ந்தபடி தலையணை உறை மடிக்கலாம். என் சம்பளம் வாடகைக்கே சரியாகிவிடும்; எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த மேசையால்தான்.

வகுப்பு தொடங்குவதற்கு முதல் நாள் ரேடியோ வந்தாள். துணி பிரிக்கும் பகுதியில் வேலை செய்கிறவள். வாய் மூடாததால் அந்தப் பெயர்.

"யாருக்கும் சொல்லாதீங்க," என்று எல்லாருக்கும் சொன்னாள். "ரெண்டு வகுப்பாம். ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவா. மெதுவான வகுப்புக்கு யார் யார் போறாங்கன்னு பார்த்து, அவங்களை வீட்டுக்கு அனுப்பப் போறாங்களாம். உடம்பு முடியாதவங்களைக் கண்டுபிடிக்கத்தான் இந்த யோகாவே!"

"உனக்கு யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

எல்லாரும் என்றால் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான். கேட்டு என்ன ஆகப்போகிறது? கம்பெனி நமக்கு நல்லது செய்யும் என்பதைவிட இதை நம்புவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது.

மறுநாள் கேன்டீன் மேசைகளை ஓரம் தள்ளி எங்களை நிற்கவைத்தார்கள். டீச்சர் சின்னப் பெண். பேச்சில் பதவிசு.

"யோகா எல்லாருக்கும் ஒண்ணு கிடையாதுங்க. செவ்வாய்க்கிழமை பவர் யோகா. வேகமா இருக்கும், வியர்க்கும், உடம்புல பலம் இருக்கணும். வியாழக்கிழமை மெதுவானது. தலையணை வெச்சுப் படுத்துக்கிட்டு, நாற்காலில உட்கார்ந்துக்கிட்டு செய்யலாம். வலி இருக்கிறவங்களுக்கு அதுதான் சரி. பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்க்காதீங்க, உங்க உடம்புக்கு என்ன வேணும்னு யோசிச்சுத் தேர்ந்தெடுங்க."

எங்கள் உடம்புக்கு என்ன வேணும் என்று அந்தக் கட்டடத்தில் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. பதில் சொல்லத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. வேகமானதற்கு ஜன்னல் பக்கமும், மெதுவானதற்குச் சுவர்ப் பக்கமும் போய் நிற்கச் சொன்னாள். வாசலில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரம் ஓட்டுகிறவர் முதலில் ஜன்னல் பக்கம் போனார். பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டிய மனிதர். அவர் பின்னால் முழங்கை வீங்கியவள், மூட்டுவலிக்காரி, மாசமாக இருந்தவள் எல்லாரும் போனார்கள். அண்ணி சுவர்ப் பக்கம்தான் காலெடுத்து வைத்தாள். தலையைத் தூக்கினாள், வாசலைப் பார்த்தாள், அப்படியே திரும்பி, ஜன்னல் பக்கம் நின்ற என் அருகில் வந்து நின்றுகொண்டாள்.

"அண்ணி, வேணாம்," என்றேன் மெல்ல.

"வாயை மூடுடி."

சுவர்ப் பக்கம் காலியாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் ஒரு கூத்து. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். டிரம்காரர் ஒற்றைக் காலில் நிற்கிறேன் என்று சுவரோடு மல்லுக்கட்டுவார். அண்ணி மட்டும் பிசகாமல் செய்தாள். வகுப்புக்கு முன் கழிப்பறையில் வலி மாத்திரை போட்டுக்கொள்வாள். சூப்பர்வைசர் எட்டிப்பார்க்கும்போதெல்லாம் இன்னும் கொஞ்சம் தாழக் குனிவாள். வீட்டுக்கு வந்ததும் தரையில் குப்புறப் படுத்து, பிள்ளைகளுக்குக் கேட்காமல் இருக்கத் துணியைக் கடித்துக்கொள்வாள்.

ஒருநாள் டீச்சர் அவள் முதுகில் கை வைத்துப் பார்த்தாள். "இங்கே வலிக்குது இல்லையா? நீங்க வியாழக்கிழமை வாங்களேன்."

"எனக்கு இதுதான் மேடம் ஒத்துப்போகுது," என்றாள் அண்ணி. முகமெல்லாம் வேர்த்திருந்தது.

மறந்துவைத்த சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுக்க ஒரு வியாழக்கிழமை நான் கேன்டீனுக்குப் போனேன். தலையணைகளை வரிசையாகப் போட்டுவிட்டு டீச்சர் தனியாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து சிரித்தாள், வகுப்புக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் சூப்பர்வைசர் எல்லாரையும் கூப்பிட்டார். மனிதருக்கு முகம் கொள்ளாத சந்தோஷம்.

"மேல ரொம்பப் பாராட்டினாங்க. ஒருத்தர்கூட மெதுவான வகுப்புக்குப் போகலை, அத்தனை பேரும் பவர் யோகா செய்றாங்கன்னு அசந்துட்டாங்க. அதனால லேசான வேலைன்னு தனியா எதுவும் இனிமே தேவையில்லைன்னு முடிவாயிருக்கு. தலையணை உறை மடிக்க மிஷின் வருது." அண்ணி பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க திங்கள்கிழமையிலேருந்து பழையபடி ஈரப் பக்கம் போயிடலாம். உங்களைத்தான் உதாரணமாச் சொன்னேன். அந்த முதுகோட வந்தவங்க இப்ப எப்படிக் குனியுறாங்கன்னு!"

யாரோ கைதட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் அண்ணி அவரிடம் போனாள். நானும் கூடவே போனேன்.

"சார், எனக்கு இன்னும் முதுகு வலிக்குது. கால் மரத்துப்போகுது. நான் அந்த வியாழக்கிழமை வகுப்புல சேர்ந்துக்கட்டுமா?"

இதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நேரமானது என்று எனக்குத்தான் தெரியும். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என்னக்கா இது, இப்ப வந்து சொல்றீங்க? உங்களை நினைச்சுத்தானே அந்த வகுப்பையே நான் மேல கெஞ்சி வாங்கினேன். நாலு பேராவது வந்திருந்தா, இத்தனை பேருக்கு லேசான வேலை வேணும்னு காட்டியிருப்பேனே. ஒருத்தர்கூட வரலை. போன வாரத்தோட அதை நிறுத்திட்டாங்க."

அந்த ஆளைத் திட்ட எனக்கு வாய் துறுதுறுத்தது. திட்டுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை.

"மேல பேசிப் பார்க்கவா?" என்றார்.

"நான் நல்லா இருக்கேன்னுதானே மேல சொல்லியிருக்கீங்க," என்றாள் அண்ணி. "மாத்திச் சொன்னா உங்களைத்தான் பொய்யன்னு சொல்லுவாங்க."

திங்கள்கிழமை ஈரப் பக்கத்தில் டிரம் நின்றதும் அண்ணி உள்ளே குனிந்து முதல் விரிப்பைப் பிடித்தாள். டிரம்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் இழுத்தாள். விரிப்பு வரவில்லை. கையை விடாமல், தள்ளுவண்டியோடு நின்ற என் பக்கம் திரும்பாமல், "இடது காலுக்குக் கீழே தரை இருக்கான்னு பார்த்துச் சொல்லுடி, எனக்குத் தெரியலை," என்றாள்.