மீட்டர் வரைக்கும் ஒரு கோடு

ஊர் ரோட்டையெல்லாம் தோண்டிப் பார்த்த பொக்லைன்காரர், வாழ்க்கையில் முதல் முறையாகத் தானே மின்வாரியத்துக்குப் போன் போட்டுச் சொன்னார்: "என் வீட்டு வாசல்ல குழி எடுக்கணும், வந்து குறி போட்டுட்டுப் போங்க." தோண்டுவதற்கு முன்னால் தகவல் சொல்ல வேண்டும், அடியில் கேபிள் போகிற இடத்தில் குறி விழும்வரை மண்ணைத் தொடக் கூடாது. இந்தச் சட்டத்தை அவர் திட்டாத நாள் கிடையாது. இப்போது இரண்டு நாள் வாய் திறக்காமல் காத்திருந்தார்.

காரணம், மனைவி. காலில் ஆபரேஷன் ஆனதும் அக்கா வீட்டுக்குப் போனவள், அங்கேயே இருந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள். வாசலில் மூன்று படி. "என்னைத் தூக்கிச் சுமந்து உங்க இடுப்பும் போகணுமா?" என்று கேட்டாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரி ஒரு சரிவு கட்டத் துணிந்தார். இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி நட ஆறு குழி வேண்டும்.

குறி போடுகிறவர் வந்தார். ரோட்டில் இவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அதே ஆள்.

"என்னைக் கரிச்சுக் கொட்டின மனுஷன் நீங்களே கூப்பிட்டிருக்கீங்களே, உடம்பு சரியில்லையா?"

"வேலையப் பாருய்யா."

கேபிள் போகிற வழியில் அவர் போட்ட சிவப்புக் கோடு ரோட்டிலிருந்து வந்து கரண்ட் மீட்டரோடு நின்றது. "எங்க கணக்கு இதோட சரி. அதுக்கு இந்தப் பக்கம் நீங்களா ஏதாவது புதைச்சிருந்தா, நீங்கதான் காட்டணும்."

பொக்லைன்காரருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மனைவியின் தையல் அறைக்கு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அவரே வாசல் மண்ணுக்குள் ஒயர் புதைத்திருந்தார். எங்கே வளைத்தார் என்பது சுத்தமாக நினைவில் இல்லை. வெட்கமாக இருந்தது. வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் போட்டார்.

"தையல் ரூமுக்குப் போட்ட ஒயர் எங்கம்மா வளையுது?"

"ரோஜாத் தொட்டி வரிசையில மூணாவதுக்கு நேரா. அன்னைக்கு அளவெடுக்க நான்தானே கயிறு பிடிச்சேன்."

"தொட்டியையெல்லாம் எடுத்துட்டேனே."

"ஏன் எடுத்தீங்க?"

பொய் சொல்ல அவருக்கு வராது. சரிவு, கம்பி, ஆறு குழி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "நீ வரலைன்னாலும் கட்டத்தான் போறேன். வீடு நீ இல்லாம நல்லால்ல." குறி போடுகிறவர் நாகரிகமாக கேட் பக்கம் நகர்ந்துகொண்டார்.

மனைவி மறுபடி தொட்டிக்கே வந்தாள்.

"மூணாவது தொட்டி எங்க இருந்துச்சுன்னு காட்டுங்கன்னா, உங்களால முடியுமா?"

"முடியாது."

"அப்ப நான் வர்ற வரைக்கும் மண்ணைத் தொடாதீங்க. அக்காவை வண்டி பிடிக்கச் சொல்றேன்."

"இன்னும் படிதான இருக்கு? எப்படி உள்ள வருவ?"

"இன்னைக்கு வாசல்லயே உக்காந்துக்கிறேன். நீங்க தோண்டுங்க, நான் பாத்துக்கிறேன்."