தேய்த்துக் கழுவிய தட்டு

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பினாயிலார் என்று பேர். வைத்தவர்கள் நர்சுகள். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும், உள்ளூர அதில் ஒரு பெருமையும் உண்டு. மூன்று மாடி, பதினொரு வார்டு, அத்தனைக்கும் துப்புரவு மேற்பார்வை அவர்தான். ஆட்கள் தரையைத் துடைத்து முடித்ததும் குனிந்து மோந்து பார்ப்பார். பினாயில் வாடை மூக்கில் ஏறவில்லையென்றால் தரை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தாலும் செல்லாது, மறுபடி துடைக்க வேண்டியதுதான். இப்படியே இருபத்தாறு வருஷம் ஓட்டிவிட்டார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஒரு பூனை நாய்படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது.

பூனை அவருடையதல்ல, மனைவியுடையது. மகாராணி என்று செல்லப் பேர் வைத்தவளும் அவள்தான். சாம்பல் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும், நடையில் பேருக்கேற்ற மிடுக்கு. குளியலறை மூலையில் அதற்கென்று ஒரு நீல பிளாஸ்டிக் தட்டு, அதில் நாலு விரல் கனத்துக்கு மணல். ஏழு வருஷமாக அந்தத் தட்டைத் தவிர வேறெங்கும் அது ஒதுங்கியது கிடையாது. மனைவி படுத்த படுக்கையான பிறகு தட்டைக் கழுவும் வேலை அவர் கைக்கு வந்தது. தகராறு ஆரம்பித்ததும் அப்போதுதான்.

முதலில் கட்டிலுக்குக் கீழே கிடந்த மிதியடி. அதைத் தேய்த்துக் கழுவி மாடியில் காயப்போட்டார். அப்புறம் கதவுக்குப் பின்னால். அங்கேயும் ஊற்றித் தேய்த்தார். மனைவி போய்ச் சேர்ந்தாள், வந்தவர்கள் எல்லாம் கிளம்பினார்கள், பூனை மட்டும் தன் வேலையை நிறுத்தவில்லை. அவர் செருப்பு, மகளின் கைப்பை, துவைத்து மடித்த துணி என்று ஒவ்வொரு இடமாக மாற்றிக்கொண்டே போய், கடைசியில் படியிறங்கி, கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாளின் வாசலிலேயே கைவரிசையைக் காட்டிவிட்டது. அந்த அம்மாள் மோசமானவர் அல்ல. ஆனால் விடிந்ததும் விடியாததுமாக வெறுங்காலோடு அதில் கால் வைத்தவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பூனை போக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் போக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

அதை மகளிடம் சொல்லத்தான் அவருக்குத் தயக்கம். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பகலெல்லாம் வருகிறவர்களிடம் சிரித்துச் சிரித்துப் பேசுகிறவள், வீட்டுக்குள் வந்தால் வாயைத் தைத்துக்கொள்வாள். அம்மா போன இந்த நான்கு மாதத்தில் அப்பாவிடம் அவள் பேசிய பேச்சை விரல்விட்டு எண்ணிவிடலாம். சில நேரம் எதையோ சொல்ல வருகிறவள் போல அவர் எதிரில் வந்து நிற்பாள். சாப்பாடு ஆச்சா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். பூனை விஷயத்தை அவர் மென்று விழுங்கிச் சொல்லி முடித்தபோது அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பூனை போனா நானும் போறேன்பா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தெம்பு இருந்திருக்கும். அவள் மணி என்ன என்று சொல்கிறவள் மாதிரி சொன்னாள். வேலை செய்யும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் அவள் ஏற்கெனவே இடம் கேட்டு வைத்திருக்கிறாள் என்பது மறுநாள்தான் அவருக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி இல்லாத வீட்டில் மகளும் இல்லையென்றால் அது வீடா? எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

பூனையோடு மல்லுக்கட்டுவது என்று முடிவு செய்தார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். ஒரு நாளைக்கு இரண்டு தடவை கழுவிய தட்டை ஐந்து தடவை கழுவினார். தண்ணீர் கலக்காத கெட்டிப் பினாயிலை ஊற்றி, பிரஷ் தேயத் தேயத் தேய்த்தார். புது மணல் கொட்டி அதன் மேலும் நாலு சொட்டுத் தெளித்தார். பிறகு மகாராணியைத் தூக்கிவந்து தட்டின் நடுவில் உட்காரவைப்பார். அது காலைச் சுட்டுக்கொண்டாற்போலத் துள்ளி வெளியே ஓடும். மறுபடி தூக்கிவருவார், மறுபடி ஓடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவலிருப்பார். அதுவும் அடக்கிக்கொண்டு அலமாரி மேல் உட்கார்ந்து அவரையே பார்க்கும். ஒரு நிமிஷம் கண்ணசந்தால் போதும், காரியத்தை முடித்திருக்கும்.

உனக்கு என்ன குறை வைத்தேன் என்று அதனிடம் கேட்டே விட்டார். அது வாலைக்கூட ஆட்டவில்லை. எஜமானியைக் காப்பாற்றாத ஆத்திரத்தைத்தான் இது தன் மேல் தீர்த்துக்கொள்கிறது என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியது இரண்டே நாளில் நிச்சயமே ஆகிவிட்டது.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, பூனையை மூடிபோட்ட கூடையிலும் தட்டைக் கக்கத்திலுமாகக் கால்நடை மருத்துவரிடம் போனார். டாக்டரிடம் காட்டப்போகிறோமே என்று கிளம்பும் முன் தட்டை இன்னொரு தரம் தேய்த்திருந்தார். பிடிவாதத்தைக் குறைக்க ஊசி ஏதாவது இருக்கும் என்று அவர் நம்பிக்கை.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். பூனையை மேசையில் விட்டு வயிற்றை அழுத்திப் பார்த்தார், வாயைப் பிளந்து பார்த்தார், சிறுநீரையும் சோதித்தார். நோய் எதுவும் இல்லை என்றார். பிறகு அந்தத் தட்டை எடுத்து முகத்தருகே கொண்டுபோனவர், இருமிக்கொண்டே எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது.

"இத எதுல கழுவுறீங்க?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். எந்தப் பினாயில், எத்தனை தடவை, எப்படி ஊறவைத்து எப்படித் தேய்ப்பது, எல்லாம். வார்டு ஆட்களுக்குப் பாடம் எடுக்கிற குரல் தானாக வந்துவிட்டது. மருத்துவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அது பிடிவாதம் பிடிக்கலைங்க. நம்ம மூக்குக்கே இப்படி எரியுதே, அதோட மூக்குக்கு எப்படி இருக்கும்? கால்ல ஒட்டினத நக்கினா அதுக்கு விஷமும்கூட. மூச்சு முட்டித்தான் வெளிய ஓடுது, பாவம்."

அதற்கப்புறம் மருத்துவர் சொன்னதெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. இந்தத் தட்டு இனி ஆகாது, புதுசு வாங்குங்கள். வெந்நீரும் வாசனையில்லாத சோப்பும் போதும். அது நனைத்த துணியில் ஒரு துண்டு வெட்டி மணலுக்குள் புதைத்துவையுங்கள், தன் வாடை தெரிந்தால் தானாக வரும். அவர் தலையை ஆட்டினார். கண் மட்டும் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.

மனைவியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னபோது, இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதைத்தான் பெரிய டாக்டர் அப்படிச் சொன்னார். இந்த வாடை இல்லாத இடத்தில் நாலு நாள் இருந்தால் போதும் என்று அவள் சந்தோஷமாகவே வந்தாள். கிருமி ஒட்டிவிடுமே என்று பினாயிலாருக்குப் பயம். வீட்டில் ஒரு தூசு இருக்கக்கூடாது. தரையை மூன்று வேளை கழுவினார், கட்டில் காலைத் துடைத்தார், ஜன்னலை அடித்துச் சாத்தினார். நாற்பது நாள் அவர் சரியாகத் தூங்கவில்லை. அவ்வளவு ஆசையாகச் செய்தார்.

"என்னங்க, அந்த ஜன்னலக் கொஞ்சம் திறங்களேன். மூச்சு முட்டுது."

மூன்று தடவை கேட்டாள். தூசு வரும், உனக்கு ஆகாது என்று மூன்று தடவையும் சொன்னார். மூன்றாவது தடவை அவள் சரி என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் காலடியை விட்டு நகராத பூனையும் அன்றைக்குத்தான் அறையைவிட்டு வெளியே போனது. நன்றிகெட்ட ஜன்மம் என்று அவர் அப்போது திட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் இருந்த பினாயில் கேன்களையெல்லாம் எடுத்துப்போய் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தார். வெறும் தண்ணீர் ஊற்றி வீடு முழுக்கத் திரும்பத் திரும்பத் துடைத்தார். ஜன்னல் கொக்கி இறுகிப்போயிருந்தது. உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்தபின்தான் திறந்தது. புதுத் தட்டில் மணலைக் கொட்டி, துணித் துண்டைப் புதைத்துவிட்டு விலகி உட்கார்ந்தார். சனிக்கிழமை பூனை வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அன்று சாயங்காலம் மகள் பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். அவர் தடுக்கவில்லை. என்ன சொல்லித் தடுப்பது?

ஞாயிற்றுக்கிழமை காலை, குளியலறைக்குள் மணலைப் பறிக்கிற சத்தம் கேட்டது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். மகாராணி சாவகாசமாக வந்து, அவரைத் திரும்பியும் பார்க்காமல் தாண்டிப் போனது. உள்ளே போய்த் தட்டருகே குந்தினார். வாடை குப்பென்று அடித்தது. அதை முகர்ந்துகொண்டே அந்த மனிதர் விசும்பி விசும்பி அழுதார்.

சத்தம் கேட்டு மகள் வாசற்படியில் வந்து நின்றாள். கையில் பாதி மடித்த துணி.

"உங்கம்மா ஜன்னலத் திறக்கச் சொன்னாம்மா," என்றார். "மூணு தடவ கேட்டா. நான் திறக்கல. மூச்சு முட்டுதுன்னு சொல்லியும் திறக்கல."

அவள் கையிலிருந்த துணியைக் கதவு மேல் போட்டாள். பிறகு ஈரத் தரையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மூணு இல்லப்பா, நாலு," என்றாள். "நாலாவது தடவ என்கிட்ட கேட்டாங்க. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தீங்க. வந்தா திட்டுவீங்கன்னு நானும் திறக்கல."